ஓரியூருக்கு நடந்து போய் நிதி திரட்டப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பிப்ரவரி 4 ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர்ல புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாள். தை பிறந்ததும் நம்ம கடற்கரை ஊர்கள்ல யாராச்சும் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு, இந்த வருசம் நடந்தே போவோம், அப்படியே ஒரு நல்ல காரியத்துக்குக் காசும் திரட்டுவோம்னு கிளம்பிருவாங்க. நல்ல விசயம்தான், வேணாங்கல. ஆனா கூட நடந்தும் தண்ணி கேன் வண்டியில பின்னாடி போயும் பாத்த வகையில சொல்றேன், கால் வலியில நின்ன குரூப்பை விட கணக்குல சண்டை வந்து உடைஞ்ச குரூப்புதான் ஜாஸ்தி. நடக்கிறது உங்க வேண்டுதல். காசு வேற யாருக்கோ சேர வேண்டியது. இது ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா அடுத்த வருசம் நீங்க மறுபடி கேக்கும்போது ஊர்ல ஒருத்தரும் நிமிந்து பாக்க மாட்டாங்க.

மொதல்ல போஸ்டர். "ஏழை எளியோருக்கு உதவ பாதயாத்திரை"ன்னு போட்டா எந்த ஏழைக்குன்னு கேப்பாங்கல்ல? கடலுக்குப் போயி திரும்பாதவர் வீட்டுப் பிள்ளைங்க காலேஜ் பீஸுக்கு, இல்ல டயாலிசிஸுக்கு வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை பஸ் ஏறிப் போறவங்க செலவுக்கு, இப்படி ஒண்ணச் சொல்லுங்க, எவ்வளவு தேவைன்னும் சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்குப் போய் அவங்ககிட்ட கேளுங்க, இத நெறைய பேரு செய்யறதே இல்ல. கேக்காமலே அந்தப் பிள்ளை போட்டோவ பெருசாப் போட்டு கீழ க்யூஆர் கோடு வைக்கிறாங்க, அது நாளைக்கு கிளாஸுக்குப் போக வேணாமா? போட்டோ இல்லாமலே காசு வரும், நம்ம ஊருக்காரங்களுக்கு யாரு கஷ்டப்படுறாங்கன்னு போஸ்டர் பாத்துத்தான் தெரியணும்னு இல்ல.

அடுத்து, இதுல மாட்டுறவங்கதான் ரொம்ப பேரு, காசு எந்த அக்கவுண்ட்ல விழுகுதுங்கிறது. குரூப்ல யாரு சுறுசுறுப்போ அவரோட சொந்த ஜிபே நம்பரக் குடுத்துருவாங்க. அதுலயே அவரு கேஸ் சிலிண்டருக்கும் கட்டுவாரு, மச்சான் அனுப்புன காசும் வரும், யாத்திரைக்கு வந்த 500ம் 1000மும் அதுலயே கிடக்கும். அவரு ஒரு ரூபா கூட எடுத்திருக்க மாட்டாரு, ஆனா கணக்கு கேட்டா ஸ்டேட்மென்ட்ட காட்ட முடியாது, சொந்த வரவுசெலவு பூராம் அதுல இருக்கே. இன்னொன்னு, சொந்தக்காரங்க அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல சும்மா வந்த பணம் மொத்தமா 50,000 ரூபாயத் தாண்டிட்டா அந்த முழுத் தொகையும் வருமானவரி கணக்குல அவரு வருமானமா வந்து நிக்கலாம். நல்லது செய்யப் போன மனுசன் ஆடிட்டரத் தேடி அலையணும். இதுக்கு வழி இருக்கு, ஆஸ்பத்திரிக்குன்னா ஆஸ்பத்திரி அக்கவுண்ட், பீஸுன்னா காலேஜ் அக்கவுண்ட், இல்ல பதிவு பண்ண ஒரு ட்ரஸ்ட், குடுக்குறவங்க நேரா அங்கயே போடட்டும். அது முடியலன்னா பங்குச்சாமியார, அதான் ஊர் சர்ச் ஃபாதரக் கேட்டு சர்ச் அக்கவுண்ட்ல ரெண்டு பேர் கையெழுத்துல வைங்க. நம்ம கை வழியா காசு போகவே வேணாம்ங்கிறதுதான் என் கட்சி, கொஞ்சம் கெத்து குறையும், குறைஞ்சா குறையட்டுமே.

வருமானவரி விலக்குக்கான 80ஜி ரசீது உண்டுன்னு சில பேரு வாய்க்கு வந்தபடி போஸ்டர்ல போடுறாங்க. அந்தப் பதிவு வாங்குன அமைப்பு மட்டும்தான் அதக் குடுக்க முடியும், நம்ம குரூப் குடுக்க முடியாது. பதிவு உள்ள இடத்துக்கே குடுத்தாலும் ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல குடுத்தா அதுக்கு விலக்கு கிடையாது. புது வரிமுறையில இருக்கிறவங்களுக்கு இந்த விலக்கே கிடையாது. அதனால ரசீதக் காட்டி ஆசை காட்டாதீங்க, நம்ம பக்கம் குடுக்குறவங்கள்ல பாதிப்பேருக்கு அது தேவையும் இல்ல.

வெளிநாட்டுப் பணம் விசயத்துல ரொம்பக் கவனமா இருங்க, ஏன்னா ராமநாதபுரம் மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தராச்சும் வெளிய இருக்காங்க. துபாய்லயோ சவுதியிலயோ வேலை பாக்குற உங்க அண்ணன் இந்திய பாஸ்போர்ட்தான் வச்சிருப்பாரு, அவரு தன் சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைன்னு ஆகாது. ஆனா லண்டன்லயோ கனடாவுலயோ குடியுரிமையே வாங்கிட்ட சித்தப்பா அனுப்புனா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்கான அட்டை) இருந்தாலும், எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிற அமைப்பு மட்டும்தான் அத வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல அதுக்குன்னே தொறந்த அக்கவுண்ட்லதான் மொதல்ல வந்து விழணும். உங்க அக்கவுண்ட்ல நல்ல காரியத்துக்குன்னு போடச் சொல்லிட்டு அப்புறம் பேங்க் மேனேஜர் கூப்பிட்டா முழிக்காதீங்க. அந்த மாதிரி பதிவு உள்ள அமைப்பு எதுன்னு விசாரிச்சு சித்தப்பாவ அங்க கைகாட்டி விட்டுருங்க.

டி-ஷர்ட் விசயத்துல எனக்குக் கோவமே வரும். வந்த காசுல முன்னாடி படம் பின்னாடி பேருன்னு 40 டி-ஷர்ட், வேன் டீசல், வழியில பிரியாணி, பிளெக்ஸ், எல்லாம் போக மிச்சம்தான் அந்தப் பிள்ளைக்கு. ஸ்பெயின்ல சந்தியாகப்பர் (இயேசுவோட சீடர் யாக்கோபு) கல்லறைக்கு, சந்தியாகோ தெ கொம்போஸ்தேலான்னு ஊரு, உலகம் பூரா இருந்து போய் நடக்கிறாங்க, அதுல நல்ல காரியத்துக்குன்னு நடக்கிற பல பேரு தன் டிக்கெட், தன் சாப்பாடு, தன் படுக்கைக்குத் தானே குடுத்துட்டு, திரட்டுனத அப்படியே சேத்துருவாங்க. நம்மளும் அதையே பண்ணலாம். நடக்கிற ஆளுக்கு இவ்வளவுன்னு செலவுக்குத் தனியா வசூல் பண்ணிருங்க, அதுக்குத் தனி நோட்டு. செலவு கூடுனா நடக்கிறவங்க போடுவாங்க, உண்டியல்ல கை வைக்கக் கூடாது.

அந்த ஸ்பெயின் நடையில இன்னொரு பழக்கம், வழியில கோயில்லயும் தங்குற இடத்துலயும் சின்ன புக்குல முத்திரை வாங்கிக்கிட்டே போகணும், 100 கிலோமீட்டராச்சும் நடந்திருந்தாதான் சான்றிதழ். இதக் கேள்விப்பட்டு நம்ம பசங்க கிலோமீட்டருக்கு 10 ரூபா, 50 ரூபான்னு வாக்கு வாங்குறாங்க. ராமநாதபுரத்துல இருந்து ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) தேவிபட்டினம், உப்பூர், தொண்டின்னு போனா ஓரியூருக்கு 60 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, பாம்பன்ல இருந்துன்னா நூறத் தாண்டிரும். கிலோமீட்டருக்குக் காசுன்னு கட்டிட்டா கால் வீங்குனவன் உக்கார மாட்டான், நம்ம நின்னா அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு குறையுமேன்னு நொண்டிக்கிட்டே வருவான். மொத்தமா ஒரு தொகையா வாக்கு வாங்குங்க, எங்க நின்னாலும் அது வந்துரணும்.

இனி கால். புது ஷூ வாங்கி அன்னைக்குத்தான் போடுறது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் போடுவாங்க. ஒரு மாசம் பழகுன செருப்போ ஷூவோ போதும், சாக்ஸ் மட்டும் ரெண்டு ஜோடி வச்சு ஈரமாக ஈரமாக மாத்துங்க, தொடை உரசுற இடத்துல காலையிலயே வாசலின் தடவிக்கங்க. கொப்புளம் வந்தா உடைக்காதீங்க, மேல பிளாஸ்திரி போட்டு விட்டுருங்க.

வெறுங்கால் நேர்ச்சைக்காரங்ககிட்டதான் பேசி ஜெயிக்க முடியாது. அருளானந்தரே காவி கட்டி இந்த மறவர் சீமையில நடந்தவர்தானேம்பாங்க. உண்மைதான், லிஸ்பன்ல பெரிய குடும்பத்துல பிறந்தவரு இங்க வந்து பண்டாரசாமியா நடந்தாரு, 1693ல பாம்பாத்துக் கரையில அவர் தலைய வெட்டுற வரைக்கும். ஆனா அவர் காலத்துல தார் ரோடு இல்லையே. பதினோரு மணிக்கு மேல நம்ம ரோட்டுல தார் காலோட ஒட்டும், சூட்டுக்குப் பயந்து ஓரமா இறங்குனா சீமைக்கருவேல முள்ளு. அது ஏறுனா நுனி உள்ள முறிஞ்சு நின்னுக்கிரும், மேல பாத்தா ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான் தெரியும், ராத்திரி படுத்தப்புறம்தான் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். சேப்டி பின்ன வச்சு நோண்டாதீங்க. தனுர்வாத ஊசி போட்டு பல வருசம் ஆனவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே டிடி போட்டுக்கங்க. சுகர் இருக்கிறவங்க வெறுங்கால்ல நடக்கவே கூடாது, இதுல மாத்தமே இல்ல. பாதத்துல உணர்ச்சி கம்மியா இருக்கும், முள்ளு ஏறுனதும் தெரியாது, தோல் வெந்ததும் தெரியாது, புண்ணு புரையோடி விரலை எடுக்கிற வரைக்கும் போயிரும். "ஆத்தா, சாமி கோவிச்சுக்காது, செருப்பப் போட்டுக்கங்க"ன்னு வீட்டுல பேத்தி சொன்னா கேக்காதவங்க பங்குச்சாமியார் சொன்னா கேப்பாங்க, அவர விட்டுச் சொல்லச் சொல்லுங்க. நேர்ச்சைய மாத்திக் குடுக்க வழி இருக்கு.

தண்ணி. இந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணி முக்காவாசி உப்பு, குடிக்கிற தண்ணிய தள்ளுவண்டியில குடம் அடுக்கி எங்கிருந்தோ தள்ளிக்கிட்டு வருவாங்க, ரோட்டுல எதுக்கயே பாப்பீங்க, பொம்பளைங்க, சின்னப் பிள்ளைங்க. அந்த ஊருல போய் அறுபது பேரு பாட்டில நீட்டுறது என்ன நியாயம்? கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டாக, குடத்தச் சாச்சு ஊத்திருவாக, அதுக்காகவே கேக்கக் கூடாது. சில பேரு அந்தத் தண்ணியில மூஞ்சியக் கழுவி, காலக் கழுவி மிச்சத்தக் கொட்டுவான், பாத்தா பத்திக்கிட்டு வரும். கேன் தண்ணி வண்டியிலயே வரட்டும். வெறும் தண்ணியவே லிட்டர் லிட்டராக் குடிச்சாலும் தலை சுத்தும், வேர்வையில உப்புப் போகுதுல்ல. ஓஆர்எஸ் பாக்கெட்ட அதுல போட்ட அளவுத் தண்ணியில கரைச்சுக் குடிங்க, கடையில அட்டை டப்பாவுல வர்ற இனிப்புத் தண்ணி அதுக்கு ஈடாகாது. மோரு, நீராகாரம் கிடைச்சா விடாதீங்க. பத்தரை பதினோரு மணிக்கு நடைய நிறுத்திட்டு சாயங்காலம் நாலுக்கு மேல ஆரம்பிங்க, பிப்ரவரி தானேன்னு வெயிலச் சாதாரணமா நினைக்காதீங்க.

விடிகாலை, ராத்திரி நடக்கும்போது எதுக்க வண்டி வர்ற மாதிரி ரோட்டுக்கு வலது ஓரமா ஒத்தை வரிசையா போங்க. ஈசிஆர்ல ராத்திரி மீன் லாரி ஐஸ் தண்ணி ஒழுக ஒழுகப் பறக்கும், ஐஸ் உருகுறதுக்குள்ள மார்க்கெட் போகணும், அவரு உங்கள எதிர்பாத்து ஓட்ட மாட்டாரு. ஒளி அடிக்கிற ஜாக்கெட் மொத ஆளுக்கும் கடைசி ஆளுக்குமாச்சும் கட்டாயம். பாம்பன் பாலத்துல நடுவுல நின்னு செல்ஃபி எடுக்க வேணாம், ஏற்கெனவே டூரிஸ்ட் வண்டி நிக்கும், காத்தும் தள்ளும். போற வழி போலீஸ் ஸ்டேஷன்ல முன்கூட்டியே ஒரு லெட்டர் குடுத்துருங்க.

ஸ்பீக்கர் பெட்டி இருந்தா தேவிபட்டினம், தொண்டியில பள்ளிவாசல் கிட்ட போகும்போது பாங்கு நேரம் பாத்து நிறுத்துங்க. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க, வாசல்ல நின்னு பாய்மாரே பிஸ்கட்டும் ரஸ்னாவும் குடுத்து அனுப்புறதப் பாத்திருக்கேன், மரியாதைக்காகத்தான் சொல்றேன். அவங்ககிட்ட உண்டியல நீட்டணுமாங்கிறதுலயும் வெக்கப்பட வேணாம், எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க, பிள்ளை படிப்புக்குன்னா தாராளமாப் போடுவாங்க.

உண்டியலத் தூக்கிக்கிட்டு எப்பப் போறதுங்கிறதும் இருக்கு. படகு கரைக்கு வந்து மீன் வித்த மறுநாள் போனா 100 ரூபா போடுறவரு, ஸ்ட்ரைக்குன்னு படகெல்லாம் கட்டிக் கிடக்கும்போது போனா மூஞ்சியத் திருப்பிக்குவாரு, அவரு மேல தப்பில்ல. ஓரியூருக்குப் பதிலா ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு நடக்கிறவங்க வசூல மே மாசமே ஆரம்பிச்சிடாதீங்க, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அப்ப அந்த வீடுகளுக்கே யாராச்சும் குடுக்கணும்.

ஓரியூர் போனதும் எல்லாரும், அருளானந்தர் ரத்தம் பட்டுச் சிவந்ததுன்னு நம்புற செம்மண்ண எடுப்பாங்க. வீட்டுக்கு ஒரு சிட்டிகை எடுத்துட்டு வாங்க, அது நம்பிக்கை. 1000 ரூபா குடுத்தா ஒரு பாக்கெட் மண்ணுன்னு ரேட் போடுறத மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க, கேக்கவே நல்லா இல்ல. திரும்பி வர்றதுக்கு வேன் முன்னாடியே பேசிருங்க, திருநாளன்னைக்கு பஸ்ல கால் வைக்க இடம் இருக்காது, நடந்து வந்த காலோட நின்னுக்கிட்டே வர முடியாது.

கணக்கு ஒரு வாரத்துக்குள்ள. உண்டியல மூணு பேரு சேந்து, அதுல ஒரு ஆளு குரூப்ல இல்லாதவரா இருக்கணும், கோயில் வளாகத்துலயே வச்சுப் பிரிங்க. எண்ணுன தாள்ல மூணு பேரும் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, பீஸ் கட்டுன ரசீதையும் பிள்ளை பேர மறைச்சுட்டுப் பக்கத்துலயே ஒட்டுங்க. நினைச்ச தொகை வரலையா, வரலன்னே எழுதுங்க, கைக்காசு போட்டு ரவுண்டு பண்ண வேணாம். கிழிஞ்ச நோட்டு, மீன் தண்ணியில ஊறி ஒட்டிப்போன நோட்டெல்லாம் கட்டாயம் கிடக்கும், அதையும் தனியா எண்ணி எழுதிருங்க, பேங்க்ல மாத்திக்கலாம்.