வீட்டைவிட்டு வந்தாச்சு, பள்ளிக்கூடத்தை எப்படி விடாமல் இருப்பது?

அப்பாவோடு சண்டை முற்றி, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாய். இப்போது வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ சிநேகிதன் வீட்டு மொட்டைமாடியில் படுத்திருக்கிறாய். பதினோராம் வகுப்பில் நானும் இப்படித்தான் இருந்தேன். முதல் வேலை, நாளைக் காலையில் பள்ளிக்குப் போ. சட்டை கசங்கியிருந்தாலும் குளிக்க முடியாவிட்டாலும் போ. வீடு இல்லாதபோது உனக்காக யாராவது தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே மட்டும்தான்.

போனதும் நம்பிக்கையான ஒரு டீச்சரிடம் சொல்லிவிடு. முழுக்கதை வேண்டாம். "மிஸ், வீட்டில் இருக்க முடியல, ராத்திரி தங்க இடமில்ல, ஆனா பரீட்சை எழுதணும்", இவ்வளவு போதும். இதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது, சொன்ன அன்று சாயங்காலமே அவர் எனக்காக நாலு பேருக்கு போன் போட்டார்.

சொல்ல ஆளே இல்லையென்றால் 1098-ஐக் கூப்பிடு, அது குழந்தைகளுக்கான உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. அவர்கள் வழியாகக் குழந்தைகள் நலக் குழு முன்னால் போவாய், நீ எங்கே தங்குவது என்று முடிவெடுக்கும் மாவட்டக் குழு அது. மறுபடியும் வீட்டிலேயே விட்டுவிடுவார்களோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறோம். பெற்றோரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அது உண்மை. ஆனால் உன் பேச்சையும் கேட்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது, அதனால் அடி, கல்யாணப் பேச்சு, எதுவானாலும் மறைக்காமல் அங்கேயே சொல். "சும்மா கோவத்துல வந்துட்டேன்" என்று மழுப்பாதே. 17 வயது நடக்கிறதென்றால் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் 18 வயது நிறைவதற்குள் குழு வழியாகக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான் வெளியே வந்தபிறகும் 21 வயது வரை உதவி கேட்க வழி இருக்கிறது.

அப்புறம் காகிதங்கள். வீட்டைவிட்டு வருகிறவர்கள் துணியைத்தான் எடுத்து வருகிறோம், ஆதாரை எடுப்பதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை டிஜிலாக்கர் என்ற அரசு செயலியில் இறக்கலாம், ஆனால் ஆதாரில் அப்பாவின் போன் நம்பர் இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். அதனால் முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் போய் உன் நம்பரை மாற்று. எமிஸ் நம்பரை, அதாவது பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் அடையாள எண்ணை, பள்ளியிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். வேலை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்கு ஐஸ் உடைக்கப் போனால் கையில் காசு வரும், எனக்கும் வந்தது, ஆனால் முதல் பீரியடிலேயே தூங்கி விழுந்தேன், அடுத்த வாரம் பள்ளிக்கே போகவில்லை. என்னோடு ஐஸ் உடைத்த இரண்டு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் சாயங்காலக் கடை வேலையாகப் பார், பரீட்சை மாதத்தில் அதையும் விடு.

நிரந்தரமாகத் தங்க, அரசு விடுதி. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளுக்கு இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம். தலைமையாசிரியர் மூலமாக விண்ணப்பி, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கேட்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து முடித்தால் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் வரும், பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கு பாரதி மகளிர் கல்லூரி, இரண்டும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

கடைசியாக, உனக்கு அதில் ஆபத்து இல்லையென்றால், வாரம் ஒருமுறை அம்மாவுக்கு போன் செய். "சாப்பிட்டேன், ஸ்கூலுக்குப் போறேன்", அவ்வளவுதான். எங்கே இருக்கிறாய் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் நாலாவது தடவை பேசியபோதுதான் என் அம்மா, அப்பாவுக்குத் தெரியாமல், பக்கத்து வீட்டு அக்கா கையில் என் சாதிச் சான்றிதழைக் கொடுத்தனுப்பினாள்.