கோப்ரா பாணியில் முதல் படம்: பென்சில் இல்லாமல், வண்ணத்திலிருந்தே

1948 நவம்பரில் பாரிஸின் ஒரு கஃபேயில் ஆறு பேர் கூடித் தொடங்கியது கோப்ரா என்ற கலைஞர் குழு. கோபன்ஹேகன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். 1951இல் குழு கலைந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரைப் பார்த்த அந்த இளைஞர்களுக்கு, அளந்து திட்டமிட்டு வரையும் கலையில் நம்பிக்கை போயிருந்தது. குழந்தைகள் வரையும் படங்களிலிருந்து கற்றுக்கொண்டார்கள். அவர்களில் டச்சு ஓவியர் காரெல் அப்பெலின் வழியில் ஒரு படம் போட்டுப் பார்ப்போம்.

தேவையானவை: ஏ3 அளவில் கனமான தாள், மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு அக்ரிலிக் வண்ணங்கள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு அங்குல பிரஷ். அப்பெல் பெரும்பாலும் எண்ணெய் வண்ணம்தான் பயன்படுத்தினார். ஆனால் அது காய நாள் கணக்கில் ஆகும். முதல் படத்துக்கு அக்ரிலிக்தான் வசதி.

1. தாளைத் தரையில் விரியுங்கள். பிரஷ்ஷை மணிக்கட்டால் ஆட்டாமல், தோளிலிருந்து கையை வீசி மஞ்சளைப் பூசுங்கள். தாளில் பாதி நிறையட்டும். என்ன உருவம் என்று இப்போது யோசிக்க வேண்டாம்.

2. மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் நீலம். இரண்டும் தொடும் ஓரத்தில் ஒழுங்கில்லாத ஒரு பச்சைக் கோடு தானாக வரும். அதைச் சரிசெய்யாதீர்கள். இந்தப் பாணியின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

3. காயவிடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வேகம் வேண்டும் என்று நினைத்து ஈரத்தின் மேலேயே சிவப்பை இழுத்தால், பச்சையோடு கலந்து சேறு போலாகிவிடும். விரலில் ஒட்டாத வரை பொறுங்கள்.

4. தாளை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எங்கோ ஒரு கண், ஒரு அலகு, ஒரு கால் தென்படும். அதைக் கறுப்பில் தடித்த கோடாக வெளியே கொண்டுவாருங்கள். கோடு வண்ணத்தின் ஓரத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை, குறுக்கே ஓடட்டும். கோப்ராவில் அரூபமும் உருவமும் இப்படித்தான் சேர்ந்து வாழ்கின்றன.

இந்த இடத்தில் அப்பெலின் 'கேள்வி கேட்கும் குழந்தைகள்' படத்தைத் தேடிப் பாருங்கள். போருக்குப் பின் ஜெர்மனி வழியாக ரயிலில் போனபோது, பிச்சை கேட்டு நின்ற குழந்தைகளைப் பார்த்தார். அதே கருவில் 1949இல் ஆம்ஸ்டர்டாம் நகர்மன்ற உணவகச் சுவரில் ஓர் ஓவியம் தீட்டினார். ஊழியர்களின் எதிர்ப்பால் அதை மூடி மறைத்துவிட்டார்கள். குழந்தைத்தனமான கோடுதான், ஆனால் அந்தக் கண்களின் முன் சாப்பிட முடியவில்லை! கை வேகமாக ஓடினாலும், மனதில் ஏற்கெனவே ஒரு சுமை இருந்திருக்கிறது.

5. கடைசியாகச் சிவப்பு. தண்ணீர் கலக்காமல், ட்யூபிலிருந்து எடுத்ததை அப்படியே ஒன்றிரண்டு இடங்களில் தடிமனாக அப்புங்கள். எங்கேயாவது 'அழகுபடுத்தலாம்' என்று தோன்றினால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுங்கள்.

சரி, அடுத்த தாளில் இதே வண்ணங்களோடு மஞ்சளுக்குப் பதிலாகக் கறுப்பில் தொடங்குங்கள்.