ஷோல்டர் ஹோல்ஸ்டர்: உறையைவிட வார் முக்கியம்

துப்பாக்கியை இடுப்பில் மாட்டும் உறை எல்லாருக்கும் ஒத்துவராது. நாள் முழுக்க வண்டி ஓட்டுபவருக்கும் இடுப்புவலிக்காரருக்கும் அது உட்காரும்போதெல்லாம் குத்தும். அவர்களுக்கு ஷோல்டர் ஹோல்ஸ்டர், அதாவது தோளில் வார் மாட்டித் துப்பாக்கியை அக்குளின் கீழ் தொங்கவிடும் உறை, நல்ல மாற்று. ஆனால் அதை மறைக்க மேலே போட்ட ஜாக்கெட்டை வெளியில் எங்கும் கழற்ற முடியாது. வெயில் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருந்தாலும், மறைத்து எடுத்துச் செல்லத் தனி அனுமதி கேட்கும் இடங்கள் பல. அதை முதலில் முடித்துவிடுங்கள்.

கடையில் எல்லாருடைய கையும் முதலில் உறைக்குத்தான் போகும். பார்க்க வேண்டியது வாரை. முழு எடையும் தோளில்தான் இறங்குகிறது. தோள்மேல் படியும் இடத்தில் வார் 4 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், ஒல்லியான வாரும் இழுபடும் எலாஸ்டிக்கும் மதியத்துக்குள் தோளை அறுத்துவிடும். நான்கு வார்களும் முதுகில் ஒரு தகட்டில் சேர்ந்து, ஒவ்வொன்றும் தனியாகத் திரும்பும்படி இருந்தால் உடம்போடு சேர்ந்து அசையும்.

அடுத்தது சமநிலை. வலக்கைக்காரருக்குத் துப்பாக்கி இடது அக்குளின் கீழ், மேகசின் (தோட்டா அடுக்கிய பெட்டி) பை வலப்பக்கம். 15 தோட்டா நிரம்பிய கிளாக் 19 பிஸ்டல் ஏறத்தாழ 850 கிராம். நிரம்பிய மேகசின் ஒன்று 250 கிராம். இரண்டு மேகசின் வைத்தாலும் துப்பாக்கிப் பக்கம்தான் கனம், ஆனால் தோள் தாங்கும். ஒன்றுகூட வைக்காவிட்டால் மொத்த வாரும் இடப்பக்கம் சரிந்து கழுத்தை இழுக்கும். ‘கழுத்து வலிக்கிறது’ என்று ஒரே வாரத்தில் பெட்டியில் போட்டுவிடுபவர்களில் பலர் செய்த தவறு இதுதான்.

துப்பாக்கி எப்படிக் கிடக்க வேண்டும் என்பதைக் குழல் நீளம் முடிவு செய்யும். 4 அங்குலம் வரை கிடைமட்டம் சரி, எடுப்பதும் வேகம். ஆனால் குழல் வாய் உங்களுக்குப் பின்னால் நிற்பவரை நோக்கியே இருக்கும். அது பிடிக்காதவர்களும், 5, 6 அங்குலக் குழல்காரர்களும் குழல் தரையைப் பார்க்கும் செங்குத்து உறைக்குப் போகலாம். மெலிந்த மார்புக்காரருக்கு நீளக் குழல் கிடைமட்டமாக இருந்தால் ஜாக்கெட்டின் முதுகில் கூடாரக் கம்பு மாதிரி முட்டி நிற்கும். குழல் அக்குளை நோக்கும் தலைகீழ் உறையும் உண்டு, சின்ன ரிவால்வர்களுக்கு. அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எந்த வகையானாலும் ட்ரிகர் (சுடும் விசை) முழுவதும் மூடியிருக்க வேண்டும். உறை உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும். ‘எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்’ என்ற நைலான் உறை எதற்கும் சரியாகப் பொருந்தாது. துப்பாக்கி விழாமல் பிடிக்கும், கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் பட்டன் பட்டையில், உடம்புப் பக்கத்து மடல் விறைப்பாக இருக்கட்டும். அது தொளதொளவென்றிருந்தால் பட்டன் திறக்காமல் பட்டை வளைந்துகொடுக்கும்.

அளவு சரிசெய்வது காலித் துப்பாக்கியோடுதான். மேகசினை எடுத்து, மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வையுங்கள். பிறகு அரைக்கோட்டு மாட்டுவது போல மாட்டுங்கள். முதுகுத் தகடு இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் போயிருந்தால் எதிர்ப்பக்க வாரை 1 செ.மீ. இறுக்குங்கள். துப்பாக்கி அக்குளிலிருந்து ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம் கீழே தொங்கட்டும். மேலே ஏறினால் கையைத் தொங்கப்போட முடியாது. கீழே இறங்கினால் ஊசலாடி ஜாக்கெட்டைத் தூக்கும். அரைமணி நேரம் நடந்து, உட்கார்ந்து, குனிந்து பார்த்து மறுபடி திருத்துங்கள். குனியும்போது துப்பாக்கி முன்னால் ஊசலாடினால், உறையை இடுப்பு பெல்ட்டோடு கட்டும் சிறு வார் தேவை. செங்குத்து உறைக்கு அது கட்டாயம், இல்லாவிட்டால் எடுக்கும்போது உறையும் கூடவே வரும்.

எடுக்கும் முறையில்தான் ஆபத்து. குழல் வாய் பக்கவாட்டில் அரைவட்டம் போட்டு இலக்குக்கு வருகிறது; வழியில் உங்கள் சொந்த இடது கை இருக்கிறது, அதில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அதனால் முதலில் இடது முழங்கையை மேலே, முன்னால் தூக்குங்கள். இடத்தோள் இலக்கைப் பார்க்கும்படி உடம்பைத் திருப்பினால் அரைவட்டம் சிறிதாகும். வலது கை முழுப் பிடி பிடித்த பிறகே பட்டன் திறக்கட்டும். நேராக உருவி, மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து முன்னால் நீட்டுங்கள். இலக்கில் நிலைத்துச் சுட முடிவு செய்யும் வரை ஆள்காட்டி விரல் ட்ரிகருக்கு வெளியே.

இந்த அரைவட்டத்துக்காகவே பல சுடுதளங்களில் ஷோல்டர் ஹோல்ஸ்டருக்கு இடமில்லை; போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி வீட்டில், காலித் துப்பாக்கியோடு, கெட்டியான சுவரைப் பார்த்து, மெதுவாக. திரும்ப உள்ளே வைப்பதில் அவசரமே வேண்டாம். ஜாக்கெட்டின் இழுகயிறோ விளிம்போ உறைக்குள் போய் ட்ரிகரை அழுத்திவிடலாம். வார் மாட்டும்போதும் கழற்றும்போதும் துப்பாக்கியை உறைக்குள்ளேயே விட்டுவிட்டால் அதைக் கையில் எடுக்கும் வேலையே குறையும்.

ஜாக்கெட் ஒரு சைஸ் பெரியதாக, கொஞ்சம் கனத்த துணியில், உள்துணி வைத்ததாக இருக்கட்டும். மேலலமாரிக்குக் கை நீட்டிக் கண்ணாடியில் பாருங்கள். உறையின் அடி அங்கேதான் எட்டிப் பார்க்கும்.

புதுத் தோல் உறை இறுக்கமாக இருந்தால், காலித் துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு உள்ளே வையுங்கள். எண்ணெய் தடவினால் தோல் மெத்தென்றாகிப் பிடிப்பு போய்விடும். வியர்வைக்கு உள்ளே பனியன் போடுங்கள். பயன்படுத்தாத நாட்களில் துப்பாக்கியைத் தோல் உறையில் விட்டுவைக்காதீர்கள்; தோல் ஈரம் பிடித்துவைத்து உலோகத்தைத் துருவேற்றும். தகட்டுத் திருகுகளை மாதம் ஒருமுறை முடுக்குங்கள்.