சமையலறைக்கு மரத்தாலான மளிகை அலமாரி செய்யும் முறை

அலமாரி நிற்கவேண்டிய இடத்தின் அகலத்தைத் தரையருகிலும் நடுவிலும் மேலேயும் அளந்து, அவற்றுள் மிகச் சிறிய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே சட்டகத்தை அமைக்கவேண்டும். சுவர்கள் முற்றிலும் நேராக இருப்பது அரிது. பக்கங்களுக்கும் தட்டுகளுக்கும் 18 மி.மீ. பிளைவுட் ஏற்றது. தட்டின் நீளம் 80 செ.மீ. அளவைத் தாண்டினால், கனமான டப்பாக்களின் எடையால் நாளடைவில் நடுப்பகுதி தொய்ந்துவிடும் என்பதால், முன்விளிம்பில் மரச்சட்டம் ஒன்றைப் பசையிட்டுத் திருகாணியால் இறுக்குவது அவசியம். ஆழத்தை 40 செ.மீ. அளவுக்குள் நிறுத்துவதே என் பரிந்துரை. அதற்கு மேல் போனால் பின்வரிசைப் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுப்போகும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருப்பதை உறுதிசெய்த பிறகே பின்பலகையை அறையவேண்டும். சட்டகம் கோணினால் கதவுகள் ஒருபோதும் சரியாக மூடா. வெட்டிய விளிம்புகள் அனைத்திற்கும் வார்னிஷ் பூசி, அலமாரி முன்புறம் சாயாதபடி மேற்பகுதியைச் சுவருடன் உறுதியாகப் பிணைத்துவிடுங்கள்.