புதிய சாம்ப்ளர் அறிவிக்கப்படும்போது எதைப் பார்த்து முடிவெடுப்பது

கணினியின் துணையின்றித் தானே இயங்கும் சாம்ப்ளரோ (ஒலிகளைப் பதிந்து, வெட்டி இசைக்கும் கருவி) குரூவ்பாக்ஸோ (தாளமும் மெட்டும் அமைத்து வாசிக்கும் கருவி) வரப்போகிறது என்றதும் முன்பதிவுக்கு விரையாமல், இப்போதுள்ள கருவியில் உங்கள் வேலை எங்கே தடைபடுகிறது என்பதை முதலில் எழுதிவையுங்கள்.

அடுத்து நினைவகத்தைக் கணக்கிடுங்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலி ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் பிடிக்கும். 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரில் சுமார் 10 வினாடிதான் பதிய முடிந்தது. அதனால் இசைத்தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிந்து, பிறகு சுருதியை இறக்கி இடத்தை மிச்சப்படுத்தினார்கள். தாளத் துணுக்குகளை மட்டும் வெட்டி வாசிப்பவருக்குப் பெரிய நினைவகம் அவசியமே இல்லை. முழுநீளப் பின்னணி இசையை ஓடவிடுபவரோ, கருவி மெமரி கார்டிலிருந்து நேரடியாக ஒலியை எடுத்து வாசிக்குமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

மேடைக் கலைஞர்கள் பலரின் எதிர்பார்ப்பு, ஒரு பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தடையின்றி ஏற்றும் வசதி. அறிமுகக் காணொளியில் பேட்டர்ன் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத்தொடர்) மாறும் நொடியைக் கூர்ந்து கேளுங்கள்: முந்தைய ஒலியின் எதிரொலி இயல்பாக அடங்குகிறதா, சட்டென்று அறுபடுகிறதா? விளம்பரப் பட்டியல் சொல்லாததை அந்த நொடி சொல்லிவிடும். பேடுகள் (விரலால் தட்டி வாசிக்கும் பட்டைகள்) மென்மையான தட்டலையும் வலுவான தட்டலையும் வேறுபடுத்துகின்றனவா என்பதும் அவ்வாறே தெரியும்.

மின்கலம், தனித்தனி ஒலி வெளியீடுகள் ஆகியவை அவரவர் தேவையைப் பொறுத்தவை. ஆனால் “பின்னர் அப்டேட்டில் வரும்” என்று சொல்லப்படும் எந்த வசதியையும், அது வந்து சேரும்வரை இல்லாததாகவே கருதி விலையை எடைபோடுங்கள்.