எக்செல்லில் ஒரு காடு: பொதிகை மலைக்கு ஒரு கார்பன் கணக்கு

காற்றில் கரியமில வாயு கூடினால் மரம் வேகமாக வளரும், காடே அதை இழுத்துக்கொள்ளும், பிறகென்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஒரே மாலையில் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். கூட்டல், கழித்தல், ஒரே ஒரு லாகரிதம். அவ்வளவுதான் கணக்கு.

படி 1: ஒரு மரத்தை அளப்பது

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் டேப்போடு போய் நிற்க முடியாது. பழகுவதற்குத் தாமிரபரணிக் கரையில் ஒரு மருத மரம் போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தையல் டேப்பைச் சுற்றிப் பிடியுங்கள். டேப் தொய்யக்கூடாது, சாயவும் கூடாது. வயதான மருதம் என்றால் அடிமரம் பட்டை பட்டையாகப் புடைத்திருக்கும். அதன்மேல் ஏறி இறங்கினால் அளவு சும்மா கூடிவிடும். புடைப்பு முடிந்து தண்டு உருண்டையாகிற இடத்துக்கு மேலே அளந்து, அந்த உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுற்றளவு 188 செ.மீ. என்று வைப்போம். 3.14ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 60 செ.மீ. உயரம் 20 மீட்டர், கட்டையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.7 கிராம். வெப்பமண்டல மரங்களுக்கென்று ஜெரோம் ஷாவ் குழுவினர் 2014இல் தந்த சூத்திரம் இது: அடர்த்தியை விட்டத்தின் வர்க்கத்தாலும் உயரத்தாலும் பெருக்குங்கள், வந்த 50,400ஐ 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673ஆல் பெருக்குங்கள். தரைக்கு மேலே உள்ள உலர் எடை கிட்டத்தட்ட 2,616 கிலோ. வேருக்குக் கால் பங்கு கூட்டி, கார்பன் பங்கான 0.47ஆல் பெருக்கினால் சுமார் 1.5 டன் கார்பன். அதையே கரியமில வாயுவாகச் சொல்ல வேண்டுமானால் 44/12ஆல் பெருக்க வேண்டும், 5.6 டன் ஆகிவிடும். செய்திகளில் இந்த இரண்டு கணக்கையும் கலந்தடிப்பார்கள், கவனம்.

பனைக்கு இந்தச் சூத்திரம் ஆகாது. பனை மற்ற மரங்களைப்போல ஆண்டுக்காண்டு பருக்காது, உயரம் மட்டுமே ஏறும். திருநெல்வேலிக்காரர்கள் முதலில் டேப்பைச் சுற்றப்போவது பனையில்தான் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

படி 2: வரத்து, வெளியேற்றம், இருப்பு

பாபநாசம் அணையின் நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று பேப்பரில் தினமும் போடுகிறார்களே, காட்டுக்கும் அதே மூன்று கட்டங்கள்தான். வரத்து என்பது ஓர் ஆண்டில் மரங்கள் புதிதாகக் கட்டும் கட்டை. வெளியேற்றம் என்பது சாகிற மரமும் ஒடிந்து விழுகிற கிளையும். இருப்பு என்பது, படி 1இல் அளந்ததுபோல, நிற்கிற எல்லா மரங்களிலும் உள்ள கார்பன். அணையில் ஷட்டரைத் திறக்க ஆள் உண்டு. காட்டில் இருப்பு எவ்வளவோ அதற்கேற்ப வெளியேற்றம் தானாக நடக்கும்.

ஷீட்டில் ஆண்டு, காற்று (அதிலுள்ள கரியமில வாயு), வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று ஐந்து தலைப்புகள் போடுங்கள். எக்டேருக்கு ஆண்டு வரத்து 3 டன் கார்பன். ஒரு டன் கார்பன் மரத்தில் தங்கும் சராசரிக் காலம் 50 ஆண்டு. இவை பழகுவதற்கான எண்கள், மலையில் அளந்தவை அல்ல. வெளியேற்றம் என்பது இருப்பை 50ஆல் வகுத்தது. இருப்போடு வரத்தைக் கூட்டி வெளியேற்றத்தைக் கழித்தால் அடுத்த ஆண்டின் இருப்பு. தொடக்க இருப்பு 150 டன். வருவதும் 3, போவதும் 3. ஐம்பது வரிசை இழுத்தாலும் 150 அசையாது. அசைந்தால் எங்கோ தப்பாக டைப் செய்திருக்கிறீர்கள்.

படி 3: காற்றை ஏற்றுவது

தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் கரியமில வாயு 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு) அளவில் இருந்தது. 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. நம் ஷீட்டில் 425இல் தொடங்கி ஆண்டுக்கு 2.5 கூட்டுவோம். ஐம்பதாவது ஆண்டில் 550.

இப்போது வரத்துக் கட்டத்தை மாற்றுங்கள். அந்த ஆண்டின் பிபிஎம்மை 425ஆல் வகுத்து, எல்என் (LN, இயல் லாகரிதம்) ஃபங்ஷனுக்குள் போட்டு, 0.6ஆல் பெருக்கி, 1 கூட்டி, எல்லாவற்றையும் 3ஆல் பெருக்கவும்.

அந்த 0.6 எங்கிருந்து வந்தது? காட்டுக்கு நடுவே குழாய்களை நட்டு, ஆண்டுக்கணக்கில் கரியமில வாயுவை ஊதிப் பார்த்த சோதனைகள் உண்டு. அப்படி நான்கு இடங்களில் கிடைத்த முடிவுகளை 2005இல் சேர்த்துப் பார்த்தார்கள். 376 பிபிஎம்மிலிருந்து 550க்கு ஏற்றியபோது வளர்ச்சி ஏறத்தாழ 23 சதவீதம் கூடியிருந்தது. 0.23ஐ அந்த இரண்டு அளவுகளின் விகிதத்துக்கான (550/376) லாகரிதமான 0.38ஆல் வகுத்தால் 0.6.

ஆனால் இது இரவல் எண். நான்குமே மிதவெப்ப நாடுகளின் இளங்காடுகள். அவற்றில் ஒன்றான அமெரிக்காவின் ஓக் ரிட்ஜிலேயே, மண்ணில் நைட்ரஜன் பற்றாமல், 2008க்குள் கூடுதல் வளர்ச்சி 9 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. சிட்னி அருகே பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் நிற்கும் யூகலிப்டஸ் காட்டில் இதேபோல ஊதிப் பார்த்தபோது இலைகள் 12 சதவீதம் கூடுதலாகக் கார்பனை உறிஞ்சின, கட்டை கூடவே இல்லை. ஆகவே 0.6, ஓக் ரிட்ஜ்போலச் சுருங்கினால் 0.25, ஒன்றுமே கூடாவிட்டால் 0 என்று மூன்றையும் தனித்தனி ஷீட்டில் ஓட்டுங்கள். ஒரே ஒரு கோடு வரைந்து காட்டுகிறவரை நான் நம்புவதில்லை.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

0.6 வைத்தால் ஐம்பதாவது ஆண்டில் வரத்து 15 சதவீதம் கூடியிருக்கும். இருப்போ 159 டன்தான், 6 சதவீதம்கூட ஏறவில்லை. வரத்து ஏறிய வேகத்தில் இருப்பு ஏறாது, பின்தங்கித்தான் வரும்.

சரி, இப்போது தங்கும் காலத்தை மட்டும் 50லிருந்து 45 ஆக்குங்கள். இருப்பு 148க்கு இறங்கிவிடும். அரை நூற்றாண்டுக் கரியமில வாயு கொடுத்ததை ஐந்தே ஆண்டு வித்தியாசம் தின்று, அதற்கு மேலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. இந்த ஷீட்டில் உற்றுப் பார்க்க வேண்டிய கட்டம் வளர்ச்சி இல்லை, ஆயுள். வறட்சி, தீ, புயல் எல்லாம் ஆயுளில்தான் கை வைக்கின்றன. வேகமாக வளரும் மரம் சீக்கிரம் சாகிறது என்றும் பல இனங்களில் பார்த்திருக்கிறார்கள்.

2017இல் ஒக்கி புயல் கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். ஷீட்டில் அப்படி ஒரு புயலை விடுங்கள்: காற்றை 425இலேயே நிறுத்தி, ஏதாவது ஓர் ஆண்டில் இருப்பில் 10 சதவீதத்தைக் கழியுங்கள். போனது 15 டன். மறு ஆண்டு திரும்புவது 0.3 டன்.

படி 5: நம்ம ஊர் எண்கள்

கக்காச்சியின் ஈரமான வெடிப்பலாக் காட்டுக்கும் முண்டந்துறையின் வறண்ட காட்டுக்கும் ஒரே எண்களை வைக்காதீர்கள். வறண்ட காட்டில் வரத்தைக் குறையுங்கள். ஆனால் கரியமில வாயு கூடினால் இலைத்துளைகள் கொஞ்சம் சுருங்கித் தண்ணீர் மிச்சமாகும். அதனால் அங்கே 0.6ஐ அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம்.

அப்புறம், செத்த மரம் அன்றைக்கே காற்றில் கலப்பதில்லை. ‘பட்ட கட்டை’ என்று ஆறாவது தலைப்பு ஒன்றைச் சேருங்கள். உயிர்மரத்தின் வெளியேற்றம்தான் இதன் வரத்து. மட்க 10 ஆண்டு (அதாவது ஆண்டுக்கு இருப்பில் பத்தில் ஒரு பங்கு), தொடக்க இருப்பு 30 டன் என்று வையுங்கள். இப்போது அதே புயலை மறுபடி விட்டு, சாய்ந்த 15 டன்னை இந்தக் கட்டத்தில் சேர்த்தால், மறு ஆண்டு கூடுதலாகக் காற்றுக்குப் போவது 1.5 டன். மீதி தரையில் கிடந்து ஆண்டுக்காண்டு கரையும்.