ஊசி ஒவ்வாமை: முதலில் அட்ரினலின், பிறகு தனியாக ஒரு பேச்சு

வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ் தங்கைகளுக்காக எழுதுகிறேன். பிபி பார்ப்பது, ஊசி போடுவதெல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் இரவு டியூட்டி. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடும் அண்ணன் ஒருவர் சளி, காய்ச்சலோடு வந்திருந்தார். செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஏறிய சில நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது, உதடு வீங்கியது, குரல் கம்மியது. நான் எடுத்தது ஏவில் என்ற அலர்ஜி ஊசி. டாக்டர் ஓடிவந்து அட்ரினலின் போட்ட பிறகுதான் மூச்சு திரும்பியது. அந்த நிமிடங்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

1. மருந்தை நிறுத்துங்கள். கையில் மருந்து ஏற்றச் செருகிய குழாயை (வென்ஃப்ளான்) பிடுங்காதீர்கள், அது தேவைப்படும். டாக்டரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள்.

2. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்த்து உட்காரவையுங்கள், கர்ப்பிணியானால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். பாத்ரூமுக்கு நடக்க விடவே கூடாது. திடீரென எழுந்தால் இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்து உயிரே போகலாம்.

3. அட்ரினலின். நான் தடுமாறிய இடம் இதுதான். 1 மில்லி ஆம்பூலில் (கண்ணாடி மருந்துக் குப்பி) 1 மி.கி. இருக்கும். பெரியவர்களுக்கு அரை மில்லி, 6 முதல் 12 வயதுக்கு 0.3, அதற்குக் கீழே 0.15. தொடையின் நடுவில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். பிட்டத்தில் வேண்டாம், தோலுக்கடியிலும் வேண்டாம். இதே அளவை ரத்தக் குழாயில் (ஐ.வி.) தள்ளிவிடாதீர்கள், இதயத் துடிப்பே தடம் மாறிவிடும். சரியாகவில்லை என்றால் 5 நிமிடத்தில் மறுபடி. ஏவில் அரிப்பைத்தான் குறைக்கும், இறங்கும் பிபியைத் தூக்காது.

இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீர்கள், அந்தக் குட்டை ஊசி தசையை எட்டாது. ஆம்பூல், 1 மில்லி சிரிஞ்ச், 23 நம்பர் ஊசி மூன்றையும் ஒரே கவரில் போட்டு டிரேயின் மேலேயே வைப்பது என் வழக்கம்.

4. ஆக்ஸிஜன், சலைன். தெளிந்த பிறகும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம், கண்காணியுங்கள்.

அந்த அண்ணன் வீட்டுக்குப் போய் ஏ.ஆர்.டி.யையும் நிறுத்திவிட்டார். மாத்திரை எல்லாமே ஆகாது என்று நினைத்துக்கொண்டாராம். தப்பு என்னுடையது, நான்தான் சொல்லி அனுப்பவில்லை. ஆகவே உயிர் பிழைத்ததோடு நம் வேலை முடியவில்லை. கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசுங்கள். எச்.ஐ.வி. இருப்பது மனைவிக்கே தெரியாமல் இருக்கலாம், நோயாளியின் சம்மதமில்லாமல் அதை நாம் வெளியே சொல்ல 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி அனுமதியில்லை. ஒவ்வாத மருந்தின் பெயரை மட்டும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். அதில் எச்.ஐ.வி. என்ற எழுத்தே வேண்டாம். "ஊசிதான் சேரலை அண்ணே, தினமும் போடுற மாத்திரையை நிறுத்தாதீங்க. வைரஸ் கணக்கில் வராத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே இருந்தா, உறவு மூலமா துணைக்குப் பரவாது" என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

ஏ.ஆர்.டி. மருந்துகளில் அபாகவிர் மட்டும் தனி. தொடங்கிய முதல் ஆறு வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, வாந்தி சேர்ந்து வந்தால் அன்றே ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரச் சொல்லுங்கள். அந்த ஒவ்வாமையால் டாக்டர் நிறுத்தியபின் ஒரு மாத்திரைகூடத் திரும்பத் தொடக்கூடாது. இரண்டாம் முறை வருவது உயிரைப் பறிக்கலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த தங்கை ஒருத்தி, நோயாளிக்குப் போட்ட ஊசி அவசரத்தில் நம் கையில் குத்தினால் என்ன செய்வது என்று கேட்டாள். பிதுக்காதே, சோப்பு போட்டுக் கழுவு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி தாண்டக்கூடாது. 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். டியூட்டி முடியட்டும் என்று காத்திராதே, அப்போதே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்.